நான் போய்ப் பார்க்காத ஓடை

தம்பி,

அடுத்த மாதம் நீ ஜெர்மனிக்குப் போகிறாய் என்பதை உன் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து அவள் உன்னோடு போனில் பேசினபோது நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். வழக்கம்போல இரண்டு நிமிடம். போனை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனவள் அங்கிருந்தபடியே, "மெட்ராஸ்லருந்து நேரா பிளேன் ஏறிருவானாம். ஊருக்கு வர நேரம் இல்லையாம்" என்றாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ரெண்டு வருசமா இல்லாத நேரம் இப்ப மட்டும் எங்கருந்து வரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நீ ஏன் வீட்டுக்கு வருவதில்லை என்று அவள் என்னிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். "துக்கம்தான், வேறென்ன. ஆறட்டும் விடு" என்றே சொல்லி வந்திருக்கிறேன். உண்மையான காரணம் எனக்கே தெரியாமல் இருந்தது என்பதை நீ நம்புவாயா என்று தெரியவில்லை. போன வாரம்தான் தெரிந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் நம் சபை மாத இதழுக்கும் இதைக் கொடுக்கப் போகிறேன். அச்சில் வருவதற்கு முன்னாலேயே உன் கைக்கு இது வந்துவிடும். நாலு பேருக்கு முன்னால் ஏன் இதை விரிக்க வேண்டும் என்று நீ கேட்கலாம். நாலு பேருக்கு முன்னால்தான் உன் பெயர் கெட்டது, நானும் அந்த நாலு பேரோடு வாய் மூடி நின்றேன். அதே இடத்தில் சொல்வதுதான் முறை என்று படுகிறது. உன் பெயரையும் என் பெயரையும் போட வேண்டாம் என்று போதகர் சொல்லிவிட்டார். போடாவிட்டாலும் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு நான் இராஜபாளையத்துக்குத் திரும்பியபோது உனக்கு ஒன்பது வயது. லீவில் வந்து போகிற ஆளாகத்தான் என்னை உனக்குத் தெரியும். எனக்கும் உன்னைத் தெரியாது. நூற்பாலையில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை கிடைத்தது, சனிக்கிழமை லீவு. அந்த ஒரு நாளில் உன்னோடு என்ன பேசுவது என்று தெரியாமல்தான் உன்னை நடக்கக் கூட்டிக்கொண்டு போனேன். நடந்தால் பேச வேண்டியதில்லை பார். செண்பகத்தோப்பு, அய்யனார் கோயில் ஆறு, கூமாப்பட்டிக் கண்மாய்க்கரை என்று மலையடிவாரம் முழுக்க நடந்தோம். நான் பட்டாளத்து நடை நடப்பேன், நீ பின்னாலேயே நின்றுவிடுவாய். புளியமரத்தில் சாம்பல் அணில் கூடு கட்டியிருந்தால் அது வெளியே வருகிற வரைக்கும் நகர மாட்டாய். பாழடைந்த கல்மண்டபத்தைப் பார்த்தால் ஒவ்வொரு தூணாகத் தடவிப் பார்த்து, மீன் எத்தனை, பூ எத்தனை என்று நோட்டில் எழுதுவாய். "ஏலே, இருட்டுறதுக்குள்ள வீடு போய்ச் சேர வேண்டாமா?" என்று நான் கத்துவேன். உன்னை நான் கத்தாமல் கூப்பிட்ட நாள் ஒன்றாவது இருக்குமா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை.

உனக்குப் பதினோரு வயது இருக்கும்போது நடந்தது ஒன்று. கூமாப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, தென்னந்தோப்பு வழியாகக் கல்மண்டபம் வரைக்கும் போய்விட்டு, மாந்தோப்பைச் சுற்றித் திரும்புவதாகத் திட்டம். மண்டபத்தைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. நான் தவறான பக்கம் திரும்பிவிட்டேன். கால்மணி நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பியிருக்கலாம். உனக்கு முன்னால் திரும்ப மனசு வரவில்லை. மூன்று மணி நேரம் உடைமுள் காட்டுக்குள் அலைந்தோம். கொண்டுபோன தண்ணீர் தீர்ந்துபோயிற்று. "அப்பா, நமக்கு வழி தப்பிருச்சா?" என்று நீ கேட்டாய். பயந்து கேட்கவில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய். "உங்கப்பனுக்கு வழி தப்புமா? இது வேற வழி. உனக்குக் காட்டணும்னுதான் இப்படிக் கூட்டிட்டு வாரேன்" என்றேன். கடைசியில் ஒரு ஓடை வந்தது. குறுக்கே நாலு பெரிய பலகைக்கல். எந்தக் காலத்தில் யார் போட்டதோ, மாட்டு வண்டி போகிற அகலம். அதைக் கடந்ததும் ஒரு வரப்பு நம்மைத் தார் ரோட்டில் கொண்டுவந்து விட்டது. அன்றைக்கு ராத்திரி உன் நோட்டைப் பார்த்தேன். மண்டபத்திலிருந்து ஓடை வரைக்கும் கோடு போட்டு, மேலே 'அப்பா வழி' என்று எழுதியிருந்தாய். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது தம்பி. வெட்கப்பட வேண்டிய இடத்தில் பெருமைப்பட்டேன்.

நீ படித்து, சென்னையில் வரைபடம் செய்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, நம் பக்கத்து நடைபாதைகளையெல்லாம் செல்போனில் பார்க்கிற மாதிரி ஒரு வரைபடமாகப் போட ஆரம்பித்தாய். யாரும் சொல்லிச் செய்த வேலையில்லை. மாதாமாதம் ஊருக்கு வருவாய், வந்த அன்றைக்கே கிளம்பிவிடுவாய். காட்டு இலாகா எல்லைக்குள் கால் வைக்காமல், அடிவாரத்திலேயே தோப்பும் ஓடையும் பழைய கல்லுமாகப் போகிற பாதைகள். எங்கே நிழல், எங்கே தண்ணீர், எத்தனை மணி நேரம், மண்டபத்துத் தூணில் என்ன இருக்கிறது, வீரன் கல் எந்தப் பனைக்குப் பக்கத்தில் என்று ஒவ்வொன்றையும் எழுதியிருந்தாய். சிவகாசியிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஆட்கள் குடும்பத்தோடு வந்து நடந்தார்கள். மில் கேட்டில் வருகிற போகிறவனிடமெல்லாம் போனை நீட்டி, "எம் மகன் போட்டது" என்று காட்டினேன். ஒவ்வொரு பாதையையும் நீயே நடந்து பார்த்த பிறகுதான் அதில் ஏற்றுவாய். ஒன்றே ஒன்றுதான் அப்படி ஏறவில்லை.

புரட்டாசிக் கடைசி. உனக்கு அங்கே வேலை நெருக்கடி, வர முடியவில்லை. 'அப்பா வழி' மட்டும் பாக்கி. போன் பண்ணினாய். "அப்பா, அந்தப் பலகைக்கல்லு நாலும் இருக்கான்னு மட்டும் ஒரு எட்டுப் போய்ப் பாருங்க. நான் பாத்து அஞ்சு வருசம் ஆச்சு. முடியலன்னா விட்டுருங்க, தீபாவளிக்கு வந்து நானே பாத்துக்கிடுதேன்" என்றாய். முடியலன்னா விட்டுருங்க. இந்த வார்த்தையை நான் எத்தனை தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன். அப்போது ஒரு வருஷமாக என் வலது முட்டி மடங்காது. மில்லில் படியை ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பக்கவாட்டில் இறங்குவேன். உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாமல் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். உன்னிடம், "எனக்கென்னலே, நாளைக்கே போறேன்" என்றேன்.

போனேன். அது பொய்யில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் போய், வத்திராயிருப்பு பஸ் மாறி, கூமாப்பட்டியில் இறங்கினேன். டீக்கடையைத் தாண்டிக் கண்மாய்க்கரை ஏறினேன். கரையில் பாதி தூரம் போவதற்குள் முட்டி பூட்டிக்கொண்டது. மடைக்கல்லில் உட்கார்ந்து பார்த்தேன், எழுந்து பார்த்தேன், நாலு எட்டு வைத்துப் பார்த்தேன். முடியவில்லை. திரும்பி டீக்கடைக்கே வந்தேன். "என்ன சார், கால் வலியா?" என்று கடைக்காரர் கேட்டார். "ஆமா, செத்த நேரம் உக்காந்துட்டுப் போறேன்" என்றேன். முன்பின் தெரியாத டீக்கடைக்காரரிடம் சொல்ல முடிந்ததை உன்னிடம் சொல்ல முடியவில்லை. ஓடை வரைக்கும் நடந்து திரும்ப எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

சாயங்காலம் நீ கூப்பிட்டாய். "பாத்துட்டீங்களாப்பா?"

"பாத்துட்டேன்."

"கல்லு இருக்கா?"

"நாலும் இருக்கு. அசையல."

"தண்ணி?"

"கணுக்காலுக்கு மேல இல்ல. எந்தக் காலத்துலயும் போலாம்."

எந்தக் காலத்துலயும் போலாம் என்று நீ கேட்கவே இல்லை. நானாகச் சேர்த்துச் சொன்னது. பொய் சொல்கிறவன் ஒரு பொய்யோடு நிற்பதில்லை, அது உண்மை மாதிரி இருக்க வேண்டும் என்று மேலே மேலே அடுக்குகிறான். "ரொம்ப தேங்க்ஸ்ப்பா. அலைச்சல் குடுத்துட்டேன்" என்றாய். அன்றைக்கே பாதையை ஏற்றிவிட்டாய். நான் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதியிருந்தாய்: பலகைக்கற்கள் உள்ளன, எல்லாக் காலத்திலும் கடக்கலாம். அந்தக் கற்கள் நாலும் முந்தின வருஷத்து மழையிலேயே போய்விட்டன என்பது ஆடு மேய்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் யாரிடமும் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. கீழே நல்ல வெயில், மலை மேலே காலையிலிருந்தே மழை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சண்முகவேல் என்பவரும் அவர் மனைவி மீனாவும் அந்தப் பாதையில் நடந்தார்கள். அவர் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவர். மீனா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். குழந்தை இல்லை. லீவு நாளில் இப்படி நடப்பது இரண்டு பேருக்கும் பிடிக்கும். நீ போட்ட பாதைகளில் ஏற்கனவே இரண்டு பார்த்திருந்தார்களாம். ஓடைக்கு வந்தபோது தண்ணீர் கலங்கலாக, மெதுவாகத்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கல் தெரியவில்லை. இருக்கிறது என்றுதானே எழுதியிருக்கிறது, தண்ணீருக்கு அடியில் இருக்கும் என்று நினைத்து இறங்கியிருக்கிறார்கள். பாதி ஓடையில் நிற்கும்போது மலைத் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்குக் கையில் ஒரு மருத மரத்து வேர் கிடைத்தது. அந்தப் பெண்ணை வெகுதூரம் கீழே, ஒரு தோப்பு வேலி ஓரத்தில், பொழுது சாய்கிற நேரத்தில் கண்டெடுத்தார்கள்.

மறுநாள் காலை ரயிலில் நீ வந்தாய். திங்கள்கிழமை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நானும் கூட வந்தேன். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு உன் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன். "இந்தப் பாதைய நேர்ல போய்ப் பாத்தது யாரு?" என்று அதிகாரி கேட்டார். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நான்தான் சார்" என்றாய். அவர் என்னைப் பார்த்து, "உங்க மகனா பெரியவரே?" என்றார். "ஆமா சார்" என்றேன். அன்றைக்கு அந்த இடத்தில் நான் பேசியது அவ்வளவுதான். வயதான காலத்தில் அப்பனை அலைக்கழிக்க வேண்டாம் என்று நீ முன்னால் நிற்கிறாய் என நினைத்தேன். நான் ஓடைக்குப் போகவே இல்லை என்பது அப்போது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் நின்றேன்.

செவ்வாய்க்கிழமை நீ தனியாகக் கூமாப்பட்டிக்குப் போனாய். "நானும் வாரேன்" என்று நான் சொல்லவில்லை. மத்தியானம் திரும்பினாய். காலில் அப்பின சேறு காயக்கூட இல்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டினாய். "சாப்ட்டுட்டுப் போலே" என்று உன் அம்மா தட்டை வைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தாள். நீ அவளைப் பார்க்கவில்லை. கேட்டருகே நின்று என்னை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தாய். துக்கத்தில் பார்க்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ இந்த வீட்டுக்கு வரவில்லை. வரைபடத்தையும் மொத்தமாக அழித்துவிட்டாய். போனைத் திறந்து அந்த இடத்தைத் தொட்டால் வெறும் வெள்ளையாக வரும். பழக்கதோஷத்தில் ரொம்ப நாள் தொட்டுக்கொண்டிருந்தேன்.

ஊர் பேசியது உன் காதுக்கு எவ்வளவு வந்ததோ தெரியாது. "ஏசி ரூம்ல உக்காந்து பாதை போட்டா இப்படித்தான் ஆகும்" என்றார்கள். சொந்தக்காரர்கள் எனக்கு ஆறுதல் சொல்கிற சாக்கில் உன்னைத் திட்டினார்கள். நம் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, கவனமில்லாமல் உயிர்ச்சேதத்துக்குக் காரணமான இந்த வாலிபனை மன்னியும் ஆண்டவரே என்று உன் பெயரைச் சொல்லி உருகி ஜெபித்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். முடிந்ததும் எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். இவ்வளவு காலத்தில் நான் செய்த காரியங்களில் எதை முதலில் உன் காலடியில் வைப்பது என்று கேட்டால், ஓடைக்குப் போகாமல் இருந்ததையோ பொய் சொன்னதையோ சொல்ல மாட்டேன். அந்த ஆமெனைத்தான் சொல்வேன்.

நீ நாட்டை விட்டே போகிறாய் என்று கேட்டதும் இனி தாங்காது என்று பட்டது. என் பாவத்தை உன்னுடையது என்று நினைத்துச் சுமந்துகொண்டு போகிறாயே, முதலில் சண்முகவேலிடம் போய்ச் சொல்லிவிட்டு, பிறகு உனக்கு எழுதலாம் என்று முடிவு பண்ணினேன். வியாழக்கிழமை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் கடை. மிக்ஸி ஜாரை இரண்டு முட்டிக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வலது கையால் திருகிக்கொண்டிருந்தார். இடது தோள் அன்றைக்கு வேரைப் பிடித்துத் தொங்கியதில் போனதாம், கை மேலே எழும்பாது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், "உக்காருங்கய்யா. முகச்சாடையே சொல்லுது" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கண்மாய்க்கரை, முட்டி, டீக்கடை, உன்னிடம் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. அவர் கை வேலையை நிறுத்தவே இல்லை. சொல்லி முடித்ததும் ஜாரைக் கீழே வைத்தார். "தெரியும்யா" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீங்க ஓடைக்குப் போகலங்கறது. ரெண்டு வருசமாத் தெரியும். ஒங்க மகன் சொன்னாரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் எப்ப இங்க வந்தான்?"

"எப்பவா? மாசாமாசம் வாராருல்லா" என்றார் அவர், எனக்குத் தெரியாததுதான் ஆச்சரியம் என்கிற மாதிரி. "மாசத்துல மொத ஞாயித்துக்கிழம. காலைல ரயில்ல இறங்கி நேரா இங்க வருவாரு. ரெண்டு பேரும் செண்பகத்தோப்புப் பக்கம் நடப்போம். பேசிக்கிட மாட்டோம். சாயங்காலம் ரயிலேறிப் போயிருவாரு. விசயம் டீக்கடைக்காரர் சொல்லித்தான் அவருக்குத் தெரிஞ்சிருக்கு. 'ஒங்க அப்பா அன்னைக்கு கால் வலின்னு இங்கதான தம்பி உக்காந்திருந்தாவ'ன்னு சாதாரணமாச் சொல்லிருக்காரு. மொத வாட்டி வந்தப்பவே எங்கிட்டச் சொல்லிட்டாரு. எனக்குக் கோவம். போலீஸ்ல போய் இதச் சொல்லுன்னேன். 'எம்மேல என்ன வேணும்னாலும் எழுதிக் குடுங்க. எங்கப்பாவ விட்டுருங்க. அவிய சும்மா பெருமைக்குச் சொல்லிட்டாவ. போய்ப் பாக்க வேண்டியது நான்'னாரு. அதுக்குப் பொறவு அத நாங்க பேசினதே கிடையாது."

ஸ்ரீவில்லிபுத்தூர் நம் ஊருக்கு முந்தின ஸ்டேஷன். அரைமணி நேரம்கூட ஆகாத தூரம். ரயில் நம் ஊருக்கும்தான் வருகிறது. மாதாமாதம் நீ ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கியிருக்கிறாய். மாதத்தின் முதல் ஞாயிறு உன் அம்மா உன்னோடு பேசிய இரண்டு நிமிடத்திலும் நீ சென்னையில் இல்லை, இங்கே, பக்கத்தில், ஏதோ ஒரு தோப்பு நிழலில் நின்றிருக்கிறாய். அந்தக் கடையில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் நான் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவரைக் கும்பிட்டேன். அவர் என் கையைக் கீழே இறக்கிவிட்டார். கோபமாக இல்லை. "மன்னிப்புன்னு கேட்டு வந்திருந்தீங்கன்னா அது எங்கிட்ட இல்லய்யா. ஒங்க மகனுக்கும் நான் குடுக்கல. அவரு கேக்கவும் இல்ல. நடக்க வாரீங்களான்னு மட்டுந்தான் கேட்டாரு" என்றார். இதையெல்லாம் எழுதப் போகிறேன், உங்கள் பெயரை விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். "எதுக்கு விடணும்? போடுங்க. மீனா பேரயும் போடுங்க. அன்னைக்குப் பேப்பர்ல 'பெண் ஒருவர்'னுதான் போட்டிருந்தாங்க" என்றார்.

அங்கிருந்து வீட்டுக்கு வர முடியவில்லை. கூமாப்பட்டி பஸ்ஸில் ஏறிவிட்டேன். கம்பை ஊன்றி, பத்து எட்டுக்கு ஒரு தடவை நின்று, கண்மாய்க்கரை, தென்னந்தோப்பு, மண்டபம் எல்லாம் தாண்டி ஓடைக்குப் போய்ச் சேர்ந்தேன். முட்டி பூட்டத்தான் செய்தது. பூட்டும்போது உட்கார்ந்தேன், விட்டதும் எழுந்தேன். அன்றைக்கும் இப்படி வந்திருக்கலாம். இப்போது வெயில் காலம். ஓடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெறும் மணலும் உருண்டைக் கல்லும். கல் பதிந்திருந்த இடத்தில் கரையோரம் இரண்டு பள்ளம் மட்டும் இருக்கிறது. ஒரு சின்னப் பிள்ளை ஓடிக் கடந்துவிடும். அங்கே நின்று ஜெபம் பண்ண வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். மணலில் உட்கார்ந்துவிட்டு வந்துவிட்டேன். வருகிற வழியில், இங்கே ஒரு எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்று டீக்கடைக்காரரிடம் சொன்னேன். ஊர்க்காரர்கள் அப்போதே எழுதிக் கொடுத்ததாகவும், இது யார் பொறுப்பு என்றே இன்னும் முடிவாகவில்லை என்றும் சொன்னார். நானும் ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

வெளிநாடு போகிற மகனுக்கு அப்பன் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று தெரியும். இருந்தாலும் ஒன்று. அங்கேயும் மலை இருக்கும், காடு இருக்கும். தயவுசெய்து நட. என்னால் நீ நடப்பதை விட்டுவிட்டாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். விடவில்லை என்று சண்முகவேல் சொன்னபோது அந்த நிலையிலும் ஒரு மூச்சு விட்டேன். உனக்குப் பிள்ளை பிறந்து, அது உன்னிடம் வழி தப்பிவிட்டதா என்று கேட்டால், தப்பிவிட்டது என்று சொல். பிள்ளைகள் அதையெல்லாம் தாங்கிக்கொள்ளும். நான்தான் தாங்க மாட்டேன் என்று நினைத்தேன். இன்னொன்று, போலீஸ் ஸ்டேஷனில் நீ சொன்னதைத் திருத்தி நானே போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். "இப்ப எதுக்குப் பெரியவரே இதெல்லாம்" என்றார்கள். வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதனால் என்ன ஆகும், ஆகாது என்று எனக்குத் தெரியாது. நீ கோபப்படுவாய். இந்த ஒரு விஷயத்தில் உன் பேச்சைக் கேட்க என்னால் முடியவில்லை.

நீ வீட்டுக்கு வா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. என்னை நீ போலீஸிடமோ ஊரிடமோ காட்டிக்கொடுக்கவில்லை, ஆனால் என் முகத்தையும் பார்க்க முடியவில்லை. இரண்டும் எனக்கு விளங்குகிறது. விளங்கி என்ன செய்ய.

இன்று மத்தியானம் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். கத்துவாள், அழுவாள், பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்புவாள் என்றெல்லாம் நினைத்து, எதற்கும் தயாராகத்தான் சொன்னேன். ஒன்றும் செய்யவில்லை. நான் பொய் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, "மாசாமாசம் ஞாயித்துக்கிழம வாரான்னா, அன்னைக்கு மத்தியானம் எங்க சாப்பிடுதான்?" என்றாள்.

அதைச் சண்முகவேலிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. தெரியவில்லை என்றேன்.

"அந்தத் தம்பி வீட்டுலயும் சமைச்சுப் போட ஆள் இல்லையே. ரெண்டு பேரும் எங்க சாப்பிடுதாவ?" என்றாள். விளக்கு வைக்கிற நேரத்தில் வந்து திரும்பவும் அதையே கேட்டாள். நாளைக்கும் கேட்பாள். என்னோடு நீ பேச வேண்டாம் தம்பி. அவளுக்கு மட்டும் அதைச் சொல்லிவிடு.

அப்பா